ஸ்கெல்லிக் மைக்கேல்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அயர்லாந்தின் தென்மேற்கே கடலில் நிற்கும் ஸ்கெல்லிக் மைக்கேல் தீவைப் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்வழி வந்த வைக்கிங் கொள்ளையருக்கு அஞ்சிய கிறிஸ்தவத் துறவிகள் கட்டிய ஒளிவிடம் அது என்கிறார்கள். உண்மையா? ஊற்று நீரில்லாத பாறையில் எப்படி வாழ்ந்தார்கள்?

– வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

காணொளி காலவரிசையைத் தலைகீழாக்கியிருக்கிறது. அயர்லாந்தில் வைக்கிங் தாக்குதல்கள் 795இல்தான் தொடங்கின. தீவிலுள்ள துறவிகளின் மடமோ 6ஆம் நூற்றாண்டுக்கும் 8ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் எழுந்தது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. கொள்ளையர் இத்தீவையும் விட்டுவைக்கவில்லை. இங்கிருந்த எட்கல் என்பவரை அவர்கள் பிடித்துச் சென்றதையும், அவர் விரைவிலேயே பசியாலும் தாகத்தாலும் மாண்டதையும் அயர்லாந்தின் இடைக்கால வரலாற்றுப் பதிவான அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்புகள் 824ஆம் ஆண்டின் கீழ் பதிந்துள்ளன.

அச்சம் காரணமல்ல எனில் இந்தப் பாறைக்கு ஏன் வந்தார்கள்? எகிப்தின் பாலைவனங்களில் தனித்துத் தவமிருந்த அந்தோணியார் போன்றோரின் வாழ்வே ஐரிஷ் துறவிகளுக்கு முன்மாதிரி. மழையும் புல்வெளியுமான நாட்டில் பாலைவனத்துக்கு எங்கே போவது? கரையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தள்ளி நின்ற இப்பாறை அதற்கு ஈடாயிற்று.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை அவர்களின் கல்வேலையில் இருக்கிறது. செங்குத்தான சரிவில் தாங்குசுவர் எழுப்பி, சமதளம் உண்டாக்கி, காய்கறி விளைவித்தார்கள். மழைநீரைத் தொட்டிகளில் சேர்த்தார்கள். மீனும் கடற்பறவைகளும் அவற்றின் முட்டைகளும் உணவாயின. ஒவ்வொரு வரிசைக் கல்லையும் சற்றே உள்நோக்கித் தள்ளி அடுக்கி, சாந்தே இல்லாமல் உச்சியில் மூடிய தேன்கூட்டு வடிவ அறைகளில் 6 இன்றும் நிற்கின்றன; வெளியே வட்டமாகத் தெரியும் அவை உள்ளே சதுரமானவை. என்னை அதிகம் வியக்க வைப்பது மடமல்ல, எதிரே 218 மீட்டர் உயரும் தென்சிகரத்தில் விளிம்போரம் கட்டிய தனித்தவக் குடில். மடத்தின் தனிமையும் போதாமல், அங்கே ஒருவர் ஏறியிருக்கிறார்.

12, 13ஆம் நூற்றாண்டுகளில் துறவிகள் எதிர்க்கரையிலுள்ள பாலின்ஸ்கெல்லிக்ஸுக்குக் குடிபெயர்ந்தார்கள். கடுமையான புயல்களும், அயர்லாந்துத் திருச்சபை அடைந்த மாற்றங்களும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. வைக்கிங்குகளின் காலமோ அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. பின்னரும் தவப்பயணிகள் அங்கே வந்துகொண்டிருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலங்கரை விளக்கம் வந்தபோது அதன் காவலர்கள் குடியேறினார்கள். 1987இல் விளக்கு தானியங்கியான பின்னரே அது ஆளில்லாத் தீவாயிற்று.