சிலோன் ஓட்டுக் கணக்கு: நீலகிரியிலிருந்து சில கேள்விகள்

சாஸ்திரி ஒப்பந்தத்தில் (இலங்கைத் தோட்டங்களில் நாடற்றவர்களாக இருந்த தமிழர்களை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொண்ட 1964 ஒப்பந்தம்) இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள்தான் பெரும்பாலும் கேட்டிருக்கிறார்கள். இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கம் பிறந்து, கூடலூரில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நான் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

பந்தலூர், டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்பு: 1947-ல் தாத்தா அங்கே ஓட்டுப் போட்டார் என்று பாட்டி சொல்வார். பிறகு எப்படி நாடற்றவர் ஆனார் ஐயா?

பாட்டி சொல்வது நடந்ததுதான் அம்மா. 1931-ல் வெள்ளைக்காரர் ஆட்சியில் வந்த டொனமூர் அரசியலமைப்பு 21 வயதான ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்தது. அப்போது இந்தியாவிலேயே அது கிடையாது. தோட்டத்து ஆட்களுக்கு மட்டும் நிபந்தனை வைத்தார்கள்; இந்தத் தீவிலேயே நிலையாக இருக்கப்போகிறவர் என்று காட்ட வேண்டும். அதையும் தாண்டி 1947 தேர்தலில் தோட்டத் தமிழர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடம் பிடித்தது. அதன் தலைவர்களில் ஒருவரான தொண்டமான் நுவரெலியாவில் ஜெயித்தார்.

மறு வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்தது. அங்கேயே பிறந்திருந்தாலும் போதாது, அப்பனாவது அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தாத்தாவும் பூட்டனும். லயத்துக் காம்பிராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) பிறந்தவனுக்கு அப்பனின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது? 1949-ல் குடிமக்களுக்கு மட்டுமே ஓட்டு என்று தேர்தல் சட்டத்தைத் திருத்தினார்கள். 1952-ல் அந்த 7 இடத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கோத்தகிரி, சட்ட மாணவர்: சுதந்திரக் காலத்து இலங்கையின் சோல்பரி அரசியலமைப்பில் 29-வது பிரிவு சிறுபான்மையைக் காக்கத்தானே இருந்தது சார்?

இருந்தது தம்பி. மற்ற சமூகத்துக்கு இல்லாத தடையை ஒரு சமூகத்துக்கு மட்டும் போடக் கூடாது என்று அது சொன்னது. ஓட்டு மறுக்கப்பட்ட கோடகன் பிள்ளை என்பவரின் வழக்கு அதை வைத்துத்தான், அன்றைக்கு இலங்கைக்கும் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. யார் குடிமகன் என்று தீர்மானிப்பது நாடாளுமன்றத்தின் அதிகாரம் என்று 1953-ல் அங்கே தள்ளுபடி செய்துவிட்டார்கள். சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லைதான். யார் தலையில் விழுந்தது என்று பார்க்க அந்த நீதிபதிகள் மெனக்கெடவில்லை என்பது என் அபிப்பிராயம். 1972-ல் புது அரசியலமைப்பு வந்தபோது அந்தப் பிரிவே போய்விட்டது.

கூடலூர், கடைக்காரர்: நம்மைப் போலத் தொகுதிக்கு ஒருத்தர் என்ற முறையை ஏன் விட்டார்கள்?

கணக்கைப் பாருங்கள் அண்ணே. 1970-ல் ஐக்கிய தேசியக் கட்சிக்குச் சுமார் 38 சதவீத ஓட்டு, கிடைத்தது 17 இடம். சுதந்திரக் கட்சிக்குச் சுமார் 37 சதவீதம், 91 இடம்! கூட்டணி அமைத்துக் குறைந்த தொகுதிகளில் நின்றதும் ஒரு காரணம். 1977-ல் அப்படியே தலைகீழ்: ஐக்கிய தேசியக் கட்சி 51 சதவீதத்தை வைத்து 168-ல் 140 இடத்தை அள்ளியது. ஏறக்குறைய 30 சதவீதம் வாங்கிய சுதந்திரக் கட்சிக்கு 8.

ஆட்சி மாறுவது ஜனநாயகத்தில் சகஜம். ஆனால் இந்த ஊதிப்போன பெரும்பான்மையை வைத்து 1972-ல் ஒரு தரப்பு, 1978-ல் மறு தரப்பு, ஆளுக்கொரு அரசியலமைப்பே எழுதிக்கொண்டது. எனக்கு உறுத்துவது அதுதான். ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் ஜெயவர்தனா 1978-ல் விகிதாசார முறையை, அதாவது ஓட்டு விகிதத்துக்கு ஏற்ப இடம் கொடுக்கும் முறையை, கொண்டுவந்தார். எதிராளி இனி மூன்றில் இரண்டு பங்கு இடத்தைப் பிடித்து இந்த 1978 அரசியலமைப்பை மாற்றிவிடக் கூடாது என்பதும் அவர் கணக்கில் இருந்திருக்கும். அந்தப் பூட்டும் நிரந்தரமில்லை. 2024-ல் தேசிய மக்கள் சக்தி 225-ல் 159 இடம் எடுத்தது.

குன்னூர்: விருப்பு வாக்கு என்கிறார்களே, அது என்ன?

கட்சிக்கு ஒரு புள்ளடி (பெருக்கல் குறி) போட்டுவிட்டு, அதே கட்சியின் மாவட்டப் பட்டியலில் மூன்று பேர் வரை தேர்ந்தெடுக்கலாம். கட்சிக்கு எத்தனை இடம் என்பதை முதலாவது தீர்மானிக்கும், அதில் உட்காரப்போவது யார் என்பதை இரண்டாவது. இதனால் ஒரே கட்சிக்காரர்களே ஒருவர் போஸ்டரை ஒருவர் கிழிப்பார்கள்.

கோத்தகிரி: அங்கே இருக்கிற நம் சொந்தங்களுக்கு இப்போது ஓட்டு இருக்கிறதா? இங்கே என் மாமியார் பெயர் பட்டியலிலேயே இல்லை.

அங்கே 1988-லும் 2003-லும் வந்த சட்டங்கள் நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தன, ஓட்டும் வந்தது. உங்கள் மாமியார் ஒப்பந்தத்தில் வந்தவர் என்றால் இந்தியக் குடிமகள்தான், அகதி இல்லை. வரும்போது கொடுத்த இந்தியப் பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் தேடி எடுங்கள். நகலை மட்டும் கொடுத்து, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6 எழுதிப் போடுங்கள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.