பெண்ணையாற்றுப் பாலத்தில் வந்த படபடப்பு

கேள்வி: எனக்கு வயது 34. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். புதுச்சேரியில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதும் வேலை. எட்டு மாதங்களுக்கு முன்பு, காலைப் பேருந்தில் நின்றுகொண்டு போகும்போது, பெண்ணையாற்றுப் பாலத்தின் மேல் திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்து, உயிர் போய்விடும் என்று தோன்றியது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குச் சென்றேன். ஈசிஜி, எக்கோ, ரத்த சோகை, சர்க்கரை, தைராய்டு பரிசோதனைகள் அனைத்தும் சரியாக இருக்கின்றன என்றார்கள். அதன் பிறகு நான்கு முறை அப்படியே வந்துவிட்டது. இப்போது பேருந்தில் ஏறுவதில்லை. கணவர்தான் வண்டியில் கொண்டுபோய் விடுகிறார். மார்க்கெட், கோயில் கூட்டம், லிப்ட் எல்லாவற்றுக்கும் பயம். தண்ணீர் பாட்டிலும், உறவினர் ஒருவர் கொடுத்த அல்பிரசோலம் மாத்திரையும் இல்லாமல் வெளியே போவதில்லை. மூன்று முறை பாதி மாத்திரை போட்டிருக்கிறேன். மாமியார் தாயத்து கட்டிவிட்டிருக்கிறார். எனக்கு இதய நோய் இருக்கிறதா? பைத்தியம் பிடித்துவிடுமா? இந்தப் பயம் போய் நான் எப்போது பேருந்தில் ஏறுவேன்?

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், சகோதரி, ஏனென்றால் உங்கள் நோயும் அதற்கான மருந்தும் அந்த ஒரு வாக்கியத்திலேயே இருக்கின்றன. பயம் முதலில் போக வேண்டும், பிறகு பேருந்தில் ஏற வேண்டும் என்று எட்டு மாதங்களாகக் காத்திருக்கிறீர்கள். உண்மையில் இந்த வரிசை தலைகீழானது. பயத்தோடு ஏறிப் பழகியவர்களுக்குத்தான் பயம் குறைகிறது. வீட்டில் காத்திருப்பவர்களுக்கு அது குறைவதில்லை, பெரும்பாலும் வளர்கிறது. உங்களுக்கும் பேருந்தில் தொடங்கியது மார்க்கெட், கோயில், லிப்ட் என்று பரவியிருக்கிறது. இவை எல்லாம் நினைத்தவுடன் வெளியேற முடியாத இடங்கள் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் பேருந்துக்கோ லிப்டுக்கோ அஞ்சவில்லை. தப்பிக்க வழியில்லாத இடத்தில் அந்தப் படபடப்பு மறுபடியும் வந்துவிடுமோ என்றுதான் அஞ்சுகிறீர்கள்.

பாலத்தின் மேல் உங்கள் உடலில் என்ன நடந்தது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஆபத்து என்று மூளை கருதிய மறுகணம் அட்ரினலின் சுரக்கிறது. ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ உடல் ஆயத்தமாக வேண்டும் என்பதால் இதயம் வேகமாக அடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, வியர்க்கிறது, மூச்சு வேகமெடுக்கிறது. ஓட வேண்டிய தேவை இல்லாதபோது இப்படி வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயுவின் அளவு குறைந்துவிடும். அதனால் மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய்கள் சற்றே சுருங்கித் தலை கிறுகிறுக்கிறது. நரம்புகள் கூடுதலாகத் தூண்டப்பட்டு விரல்களும் உதடுகளும் மரத்துப் போகின்றன. உங்கள் ரத்தத்தில் அந்த நேரத்தில் ஆக்சிஜனுக்குக் குறைவே இல்லை; ஆனாலும் மூச்சு போதவில்லை என்று தோன்றும், தோன்றுவதால் இன்னும் இழுப்பீர்கள், இழுக்க இழுக்க கிறுகிறுப்பும் மரப்பும் கூடும். அந்த மரப்பைப் பார்த்து "மாரடைப்புதான்" என்று மனம் முடிவு கட்டும். அந்த முடிவு இன்னொரு சுற்று அட்ரினலினைக் கொண்டுவரும். இந்தச் சுழற்சிக்குத்தான் பேனிக் அட்டாக், தமிழில் பீதித் தாக்கு, என்று பெயர்.

கடலூர்க்காரரான உங்களுக்கு இதை வேறு விதமாகவும் சொல்லலாம். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள் அல்லவா? உங்கள் உடல் அன்று காலை, வானம் தெளிவாக இருக்கும்போதே, பத்தாம் எண் கூண்டை ஏற்றிவிட்டது. கூண்டு ஏறியது பொய்யில்லை. படபடப்பும் மரப்பும் நீங்கள் கற்பனை செய்தவை அல்ல. ஆகவே "உனக்கு ஒன்றும் இல்லை, மனதைத் தைரியமாக வைத்துக்கொள்" என்று யார் சொன்னாலும், அவர்கள் மருத்துவர்களாகவே இருந்தாலும், அது பாதி உண்மைதான். கூண்டு உண்மை, புயல்தான் இல்லை. 1871-ஆம் ஆண்டிலேயே டா கோஸ்டா என்ற அமெரிக்க மருத்துவர், போருக்குப் போன படைவீரர்களில் பலருக்கு இதயத்தில் கோளாறு எதுவும் காணப்படாமலேயே படபடப்பும் மூச்சுத் திணறலும் நெஞ்சு வலியும் வந்ததை விரிவாக எழுதியிருக்கிறார். துப்பாக்கி ஏந்தியவர்களுக்கும் வந்தது இது என்பதால், கோழைத்தனம் என்று உங்களை நீங்களே தாழ்த்திக்கொள்ள வேண்டாம்.

பீதித் தாக்கு பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தை எட்டி, அரை மணி நேரத்துக்குள் தானாகவே தணிந்துவிடும். நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் தணியும். அந்த வேகத்தை உடல் நெடுநேரம் தாங்கி நிற்பதில்லை. அதைத் தணிக்கும் நரம்பு மண்டலமும் உடலிலேயே இருக்கிறது. அதனால் உயிர் போகாது. பைத்தியம் பிடிப்பதும் இல்லை. பீதித் தாக்கு மனச்சிதைவு நோயாக மாறுவதில்லை. மயங்கி விழுவோமோ என்ற அச்சமும் பலருக்கு உண்டு. பீதியில் ரத்த அழுத்தம் ஏறுகிறது. மயக்கமோ அழுத்தம் இறங்கினால் வருவது. எனவே பீதியில் மயங்கி விழுவது அரிது. ரத்தத்தையோ ஊசியையோ கண்டு மயங்குபவர்கள் மட்டும் வேறு வகை.

இதயத்தைப் பற்றி: செய்ய வேண்டிய பரிசோதனைகளை நீங்கள் செய்துவிட்டீர்கள். மாதம் ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளும் பழக்கத்துக்குள் போய்விடாதீர்கள். அந்தத் தேறுதல் இரண்டு நாள்கூட நிற்காது. ஆனால் படி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ நெஞ்சு இறுகி, இடது கைக்கும் தாடைக்கும் வலி பரவி, ஓய்வெடுத்தால் குறைந்தால், அல்லது நினைவு தப்பி விழுந்தால், அல்லது சுவிட்சைப் போட்டு அணைத்ததுபோல் படபடப்பு சட்டென்று தொடங்கிச் சட்டென்று நின்றால், அதைப் பீதி என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நெஞ்சு வலி தணியாமல் நீடித்தால் 108-ஐ அழையுங்கள்.

இனி, நான் அதிகமாகப் பேச விரும்பும் பகுதிக்கு வருகிறேன். அன்று நீங்கள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கினீர்கள். சிறிது நேரத்தில் படபடப்பு தணிந்தது. இறங்காமல் இருந்திருந்தாலும் தணிந்திருக்கும். ஆனால் மூளை அதை அப்படி எழுதிக்கொள்ளவில்லை. "இறங்கினேன், அதனால் பிழைத்தேன்" என்று எழுதிக்கொண்டது. இதே கணக்கைத்தான் உங்கள் கைப்பையில் இருக்கும் பொருள்களும் ஒவ்வொரு நாளும் எழுதுகின்றன. பாட்டில் இருந்ததால் பிழைத்தேன், மாத்திரை இருந்ததால் பிழைத்தேன், கணவர் கூட இருந்ததால் பிழைத்தேன். என்னிடம் வருபவர்கள் இதுபோன்ற பல ஊன்றுகோல்களைச் சொல்வார்கள்: வாசல் அருகிலேயே நிற்பது, நாடியை எண்ணிப் பார்ப்பது, போகும் வழியில் எங்கெங்கே மருத்துவமனை இருக்கிறது என்று குறித்து வைப்பது, போனில் யாரிடமாவது பேசிக்கொண்டே பயணம் செய்வது. இவற்றில் எதுவும் தன்னளவில் கெட்டதல்ல. ஆனால் இவை கையில் இருக்கும்வரை, எதுவும் இல்லாமலேயே படபடப்பு வந்து போகும் என்பதை நேரில் காணும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைப்பதில்லை. மூச்சுப் பயிற்சிக்கும் இது பொருந்தும். மூக்கு வழியாக நான்கு நொடி இழுத்து ஆறு நொடி விடுவது நல்ல பழக்கம்; தினமும் பத்து நிமிடம் வீட்டில் செய்யுங்கள். ஆனால் பேருந்தில் பயத்தை விரட்டும் ஆயுதமாக அதைத் தூக்காதீர்கள். விரட்ட விரட்டப் பயம் போகாமல் நிலைத்து நிற்கும். காகிதப் பையில் மூச்சு விடும் பழைய முறை வேண்டவே வேண்டாம்.

பயிற்சியை உங்கள் ஊர் வழியிலேயே சொல்கிறேன். முதல் இரண்டு நாள்கள் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில், நின்றிருக்கும் பேருந்தில் ஏறி உட்கார்ந்து, அது புறப்படும் முன் இறங்குங்கள். அடுத்து, கூட்டம் குறைந்த பதினொரு மணி வாக்கில் கெடிலம் பாலத்தைத் தாண்டி மஞ்சக்குப்பம் வரை செல்லுங்கள், பிறகு ஆல்பேட்டை, அதன் பிறகுதான் பெண்ணையாற்றுப் பாலத்தைக் கடந்து பெரியகங்கணாங்குப்பம். இந்தப் படிதான் உங்களுக்குக் கடினமானது, ஆகவே இதை ஒரே முறை செய்துவிட்டு நிம்மதிப் பெருமூச்சோடு விட்டுவிடாமல், ஒரு வாரத்தில் ஐந்தாறு முறை போய் வாருங்கள். பிறகு கன்னியகோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம், புதுச்சேரி. முழுத் தூரமும் பழகிய பிறகு, அலுவலக நேரக் கூட்டத்தில் நின்றுகொண்டு செல்வது கடைசிப் படி. விதி ஒன்றே ஒன்று: சீட்டு வாங்கிய நிறுத்தத்துக்கு முன்னால் பயத்தினால் இறங்கக் கூடாது. தூரத்தைக் குறைவாக வைத்துக்கொள்ளலாம். நடுவழியில் இறங்குவதைத் தவிர்க்க வேண்டும். ஒருவேளை இறங்கிவிட்டால் அழ வேண்டாம். அடுத்த பேருந்தில் ஏறி மீதித் தூரத்தை முடியுங்கள்.

ஒரு சிறிய நோட்டு வைத்துக்கொண்டு, ஏறும் முன் "என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன்" என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். இறங்கிய பின் "என்ன நடந்தது" என்பதை இன்னொரு வரியில் எழுதுங்கள். பயத்தின் அளவை நூற்றுக்கு இத்தனை என்று குறித்தாலும், அது குறைந்ததா என்பதைவிட அந்த இரண்டு வரிகளுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் நான் முதலில் படிப்பேன். பயம் எண்பதில் இருந்தும் கன்னியகோயில் வரை போய்வந்த நாள் தோல்வி நாள் அல்ல. மூளை மிக அதிகமாகக் கற்றுக்கொண்ட நாள் அது.

இதனுடன் வீட்டில் ஒரு பயிற்சி. படபடப்பின் உடல் உணர்ச்சிகளையே வேண்டுமென்று வரவழைப்பது இது: மாடிப்படியில் இரண்டு நிமிடம் வேகமாக ஏறி இறங்குவது, நின்ற இடத்தில் அரை நிமிடம் சுற்றுவது, ஒரு நிமிடம் வேகமாக மூச்சு விடுவது. இதயம் அடிக்கும், தலை சுற்றும், விரல் மரக்கும், தானாக அடங்கும். உங்கள் பரிசோதனைகள் சரியாக இருப்பதால் நீங்கள் செய்யலாம். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. இவற்றையெல்லாம் முறைப்படி கற்றுத்தரும் சிகிச்சைக்குச் சிபிடி, அதாவது சிந்தனையையும் நடத்தையையும் மாற்றிப் பழக்கும் சிகிச்சை, என்று பெயர். ஒரு மனநல மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ உடனிருந்து நடத்தினால் இன்னும் எளிது. கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. நள்ளிரவில் பேச ஆள் வேண்டுமென்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாமல் அழையுங்கள்.

மாத்திரைகள் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உறவினர் கொடுத்த அல்பிரசோலத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது சில மணி நேரம் அமைதி தரும். தொடர்ந்து எடுத்தால் உடல் அதற்கு அடிமையாகும், பயிற்சியில் மூளை கற்க வேண்டியதையும் மழுக்கும். மூன்று முறை பாதி மாத்திரை என்பதால் உங்களுக்கு நிறுத்துவதில் சிக்கல் இல்லை. ஆனால் மாதக் கணக்கில் தினமும் எடுப்பவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், ஆகவே அவர்கள் மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். பயிற்சி மட்டும் போதாதவர்களுக்கு எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மருந்துகளை மருத்துவர் எழுதித் தருவார். இவை அடிமைப்படுத்துபவை அல்ல. முதல் ஓரிரு வாரங்கள் வயிற்றுப் புரட்டலோ சிறிது பதற்றமோ இருக்கலாம். முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டும் என்பதும் பெரும்பாலோருக்கு இல்லை. காபியை ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் என்று குறைத்துப் பாருங்கள். பதற்றம் உள்ள உடலுக்குக் காபி தரும் படபடப்பும் பீதியின் படபடப்பும் ஒன்றுபோலத் தெரியும்.

மாமியார் கட்டிய தாயத்தை அவிழ்க்கச் சொல்லி வீட்டில் மனத்தாங்கலை உண்டாக்க நான் விரும்பவில்லை. அது அவருடைய அன்பு. ஆனால் "தாயத்து இருந்ததால் பிழைத்தேன்" என்ற வரி உங்கள் நோட்டில் வர வேண்டாம்.

எல்லாப் பயமும் போய்விட வேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். 2004 டிசம்பர் 26 காலை வந்த சுனாமியையும், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்ததையும் பார்த்த ஊர் இது. மழைக்காலத்தில் எச்சரிக்கை வந்தால் நெஞ்சு அடிப்பது இயல்பு, அப்போது பாதுகாப்பான இடத்துக்குப் போவதே அறிவு. நான் கேட்பது, வானம் வெளுத்திருக்கும் நாளில் பேருந்தை விட்டுவிடாதீர்கள் என்பது மட்டுமே. தூக்கம் கெட்டபோதோ, காய்ச்சலில் எழுந்தபோதோ, வீட்டில் துக்கம் நேர்ந்தபோதோ பழைய படபடப்பு ஓரிரு முறை தலைகாட்டக் கூடும். அது பழைய இடத்துக்கே திரும்பிவிட்டதாக ஆகாது; இரண்டு படி இறங்கி, மஞ்சக்குப்பத்திலிருந்து மறுபடி ஏறுங்கள்.

கடைசியாக, உங்கள் கணவருக்கு. இத்தனை மாதங்களாகத் தன் வேலைகளை ஒதுக்கிவைத்து உங்களுக்காக வண்டி ஓட்டும் அவருடைய பரிவைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பரிவை வேறு இடத்தில் வைக்கச் சொல்கிறேன். முதல் வாரம் அவர் உங்களோடு அதே பேருந்தில் வேறு இருக்கையில் வரட்டும். இரண்டாம் வாரம் நீங்கள் இறங்கும் நிறுத்தத்தில் காத்திருக்கட்டும். மூன்றாம் வாரம் வீட்டிலேயே இருக்கட்டும். வழியில் "எங்கே வந்திருக்கிறாய், எப்படி இருக்கிறாய்" என்று அவர் அழைக்கக் கூடாது, நீங்களும் அழைக்கக் கூடாது. போனைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்திருக்கப் போகும் அந்த ஒரு மணி நேரம் அவருக்கும் எளிதாக இருக்காது. இந்தப் பதிலை அவரிடமும் படிக்கக் கொடுத்துவிட்டு, முதல் பேருந்துக்கான நாளை இருவரும் சேர்ந்தே குறித்துக்கொள்ளுங்கள்.