டஸ்டர் டீசல்: டைமிங் பெல்ட்டை நாமே மாற்றலாமா?

கேள்வி: 2016 மாடல் ரெனோ டஸ்டர் டீசல், 85 பி.எஸ். செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 72,000 கி.மீ. ஓடியிருக்கிறது. டைமிங் பெல்ட் மாற்றியாகிவிட்டது என்றார் புரோக்கர், பில் இல்லை. கவரைத் திறந்து பார்த்தேன், விரிசல் எதுவும் இல்லை. பிரேக் பேடு, ஆயில் எல்லாம் நானே மாற்றுவேன். வீடியோ பார்த்து இதையும் செய்யலாமா?

பதில்: மாற்றியே ஆகவேண்டும். ஆனால் நீங்கள் செய்ய வேண்டாம். பொருளை நீங்கள் வாங்குங்கள், வேலையைத் தெரிந்தவரிடம் கொடுத்துப் பக்கத்தில் நில்லுங்கள்.

முதலில் அந்தப் புரோக்கர் பேச்சு. பில்லும் கி.மீ. குறிப்பும் இல்லாத பெல்ட் மாற்றப்படாத பெல்ட்தான். பழைய கார் சந்தையில் இந்த ஒரு பொய்யால் போன இன்ஜின்கள் கொஞ்சநஞ்சமல்ல. விரிசல் இல்லை என்பதிலும் ஆறுதல் கிடையாது. இப்போதைய பெல்ட் ரப்பர் வெளியே வெடிப்பு காட்டாமலே இருக்கும். உள்ளே இருக்கும் கண்ணாடி இழை நாண்தான் களைத்துப்போகும். கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் வருடக் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

அறுந்தால் என்ன ஆகும்? பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் ஒரே கணக்கில் சுற்ற வைப்பது இந்த பெல்ட்தான். இது 1,461 சி.சி., எட்டு வால்வு இன்ஜின். பெல்ட் போனால் திறந்து நிற்கும் வால்வைப் பிஸ்டன் இடிக்கும். வால்வுகள் இருக்கும் மேல்பகுதியான ஹெட்டை இறக்கியாக வேண்டும். பெல்ட்டும் கூட மாற்றும் பாகங்களும் சேர்ந்த கிட் விலையைப் போலப் பல மடங்கு செலவு.

பிரேக் பேடு மாற்றுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கைத்திறமையில் இல்லை, கருவியில் இருக்கிறது. வலது பக்க இன்ஜின் மவுன்டைக் கழற்ற வேண்டும். அதற்கு ஆயில் சம்புக்கு அடியில் கட்டை வைத்து ஜாக்கியில் இன்ஜினைத் தாங்க வேண்டும். கேம் புல்லியின் துளை வழியாக ஹெட்டுக்குள் போகும் 8 மி.மீ. பின்னும் (சரியான நிலையைக் காட்டும் கம்பி), இன்ஜின் பிளாக்கில் திருகி ஏற்றும் கிராங்க் பின்னும் வேண்டும். கேமுக்கு 8 மி.மீ. டிரில் பிட்டின் வழவழப்பான பகுதியே போதும். கிராங்க் பின்னுக்கு மாற்று கிடையாது. போல்ட்டை அளந்து முறுக்க டார்க் ரெஞ்சும் கோண அளவியும் வேண்டும், கிராங்க் போல்ட்டும் புதிதாக வேண்டும்.

வீடியோக்களில் காட்டும் ஒயிட்னர் வேலையை நம்பாதீர்கள். பழைய பெல்ட்டில் கோடு போட்டு, பற்களை எண்ணிப் புது பெல்ட்டில் அதே கோட்டைப் போடுவார்கள். முன்னால் கைவைத்தவர் ஒரு பல் தள்ளிப் போட்டிருந்தால், அந்தத் தப்பையும் சேர்த்தே நகல் எடுப்பீர்கள். இன்னொரு பொறி: பின் போட்டிருக்கிறதே என்று அதை நம்பி கிராங்க் போல்ட்டைத் திருகுவது. அந்தப் பின் இருப்பது நிலையைக் காட்டத்தான், பலத்தைத் தாங்க அல்ல, வளைந்துவிடும். ஐந்தாவது கியரில் போட்டு, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்கும்போதுதான் போல்ட்டைத் தளர்த்த வேண்டும்.

கிட் என்றால் பெல்ட் மட்டுமல்ல. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் வேண்டும். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது, அதையும் மாற்றுங்கள். வெளியே ஓடும் ஆல்டர்னேட்டர் பெல்ட்டை மறக்க வேண்டாம்: அது நார்நாராகக் கிழிந்து கவருக்குள் சிக்கி, நல்ல டைமிங் பெல்ட்டையே பல் தாண்ட வைத்ததுண்டு. ஆன்லைனில் பாதி விலைக்கு வரும் பெட்டியைத் தொடாதீர்கள். அச்சு அசலாக அட்டை அடிப்பவனுக்கு உள்ளே டூப்ளிகேட் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஜி.எஸ்.டி. பில் தரும் டீலரிடம் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு முழு கிட்டுக்கும் பில் போடுவது பழைய வித்தை.

ஒரு விஷயத்தில் மட்டும் மேலே சொன்ன கணக்கெல்லாம் செல்லாது: கவருக்குள் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால். புது பெல்ட்டாக இருந்தாலும் எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிக் கெடும். அப்போது பெல்ட்டை மாற்றுவது இரண்டாவது வேலை; கேம் சீலா, கிராங்க் சீலா (தண்டைச் சுற்றி எண்ணெயை அடைக்கும் வளையம்) என்று கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. துடைத்துவிட்டு மூடினால் அடுத்த பெல்ட்டும் அதே கதிதான். சில சீல்களின் உதட்டில் விரல்கூடப் படாமல், எண்ணெய் தடவாமல், உலர்ந்தபடியே ஏற்ற வேண்டும். கூடவே வரும் சீட்டைப் படிக்காமல் கிரீஸ் தடவுகிற மெக்கானிக்கைத் தடுத்து நிறுத்துங்கள். பிசுக்கு எண்ணெயாக இல்லாமல் கூலன்ட் கறையாக இருந்தால், வாட்டர் பம்ப் கசிகிறது.

மெக்கானிக்கிடம் கேட்க ஒரே கேள்வி: “பின் வச்சிருக்கீங்களா?” இல்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். இருக்கிறது என்றால் நின்று கவனியுங்கள். டென்ஷனரின் முளை அதன் பள்ளத்தில் உட்கார வேண்டும். டென்ஷன் வைத்தபின் பின்களை எடுத்துவிட்டு, கிராங்கைக் கையால் கடிகார முள் திசையில் இரண்டு முழுச் சுற்று சுற்றி, பின்கள் மறுபடி தானாக நுழைகிறதா, டென்ஷனர் குறி இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நுழையவில்லை என்றால் முதலிலிருந்து. செல்ஃப் அடித்துப் பார்க்கலாம் என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். கூலன்ட்டைத் திரும்ப நிரப்பும்போது போர் தண்ணீர் வேண்டாம்.

ஒரகடத்தில் தயாரான கார் இது. ஆனால் இந்த வேலைக்கான டார்க் அளவை (போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதை) உரிமையாளர் கையேட்டில் தர மாட்டார்கள். கேட்டால் “சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவாங்க” என்பார்கள். காசு கொடுத்து வாங்கியவனுக்கு எதற்கு இந்த ரகசியம்? ஒயிட்னர் வைத்தியம் பெருகியதற்கு இந்த மூடுமந்திரமும் ஒரு காரணம்.

மாற்றும்வரை நெடுந்தூரம் போக வேண்டாம், தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம். ஓடும்போது இன்ஜின் சட்டென்று அணைந்தால் மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள். அறுந்திருந்தால் சுற்றச் சுற்றச் சேதம் கூடலாம். டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.