ஓய்வு நாளிலும் மனசு காட்டிலேயே கிடக்கிறது

மேடம், வணக்கம்.

உகாண்டாவின் கிபாலே காட்டில் ஒரு சிம்பன்சி ஆய்வுக் குழுவில் உதவியாளராக இருக்கிறேன். முந்தின மாலை அவை கூடு கட்டிப் படுத்த மரத்தடியில் விடியும் முன்பே போய் நிற்க வேண்டும். அப்புறம் இருட்டி, அவை புதுக் கூடு கட்டும்வரை பின்னாலேயே நடை. முகாமுக்கு வந்ததும் நோட்டில் உள்ளதைக் கணினியில் ஏற்றுவேன்.

வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டு. அன்றைக்குத்தான் எனக்கு இருப்புக்கொள்வதே இல்லை. வேட்டை நடந்திருக்குமோ, குட்டி பிறந்திருக்குமோ என்று தவிப்பு. வாக்கிடாக்கியை அணைக்க மனம் வராது. மதியத்துக்குள் பழைய பதிவுகளைத் திருத்த உட்கார்ந்துவிடுவேன். சாப்பாட்டு மேசையிலும் சிம்பன்சி பேச்சுதான். வீட்டில் சொன்னால், "ஜாலியா காடு சுத்துற, அதுக்கு மேல என்ன லீவு?" என்கிறார்கள். கொஞ்ச நாளாகத் தூக்கம் சரியில்லை, விசித்திரமான கனவுகள் வேறு. ஆசைப்பட்டு வந்த வேலை இப்படிச் சலிக்கிறதே, நான் இதற்கு லாயக்கில்லையா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள தோழிக்கு,

முதலில் கனவு விஷயம். மலேரியாத் தடுப்புக்கு எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று எழுதவில்லை. அது மெஃப்ளோகுயின் என்றால் இன்றே மருத்துவரிடம் பேசுங்கள். கெட்ட கனவு, தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு எல்லாம் அதன் பக்கவிளைவுகளாக வரக்கூடியவை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் அதற்குத் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. வேறு மாத்திரைகள் இருக்கின்றன. ஆனால் மாற்று இல்லாமல் நீங்களாக நிறுத்திவிட்டு மலேரியா உள்ள இடத்தில் இருக்காதீர்கள். மாத்திரை அதுவல்ல என்றாலும் தூக்கம் இப்படியே கெட்டால் மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி.

அடுத்து, 'லாயக்கில்லையா' என்ற கேள்வி. உங்கள் கடிதத்தில் வேலைமீது வெறுப்பு எங்கேயும் தெரியவில்லை. வேலையை விட்டு விலகவே முடியாத களைப்புதான் தெரிகிறது. சபீனே சொன்னென்டாக், சார்லட் ஃபிரிட்ஸ் என்ற இரு உளவியலாளர்கள், வேலைக் களைப்பிலிருந்து மீள உதவும் அனுபவங்களை 2007இல் நான்காக வகுத்தார்கள்: மனதளவில் வேலையை விட்டு விலகுவது, தளர்ந்து ஓய்வது, புதிதாக ஒன்றைக் கற்பது, ஓய்வு நேரத்தை எப்படிச் செலவிடுவது என்று நாமே முடிவு செய்வது. உங்கள் ஓய்வு நாளில் இந்த நான்கில் எது இருக்கிறது? உடம்பு மட்டும் காட்டுக்குப் போகவில்லை, அவ்வளவுதானே!

எதையோ தவறவிடுகிறோம் என்ற பயத்துக்கு உங்கள் துறையிலேயே பதில் இருக்கிறது. வேலை நாளிலும் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு விலங்கைத்தானே குறித்துக்கொண்டு பார்க்கிறீர்கள்? மற்றவை என்ன செய்தன என்று அன்றும் உங்களுக்குத் தெரியாது. விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் 1974இல் இந்த முறையைத் தெளிவாக வகுத்துக் கொடுத்ததே, எல்லாவற்றையும் பார்க்க முடியாது என்ற நிலையில் எதை எப்படிப் பதிவு செய்வது என்பதற்காகத்தான். கிபாலேயின் கன்யாவாரா பகுதிச் சிம்பன்சிகளை 1987 முதல் ஆய்வு செய்கிறார்கள். அத்தனை வருஷப் பதிவும் ஆள் மாற்றி ஆள் எடுத்ததுதான். நீங்கள் இல்லாத நாளில் இன்னொருவர் பார்ப்பார், அல்லது யாருமே பார்க்க மாட்டார்கள். இரண்டையும் அந்த ஆய்வு தாங்கும். தூக்கம் கெட்ட கண்கள் தவறாகக் குறித்ததைத்தான் பின்னால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஓய்வு நாளுக்கு முந்தின இரவே வாக்கிடாக்கியைச் சக ஊழியரிடம் கொடுத்துவிடுங்கள். அறையில் அணைத்து வைத்தால் கை அதற்குத்தான் போகும். முகாமில் இருக்காதீர்கள், பக்கத்து நகரமான ஃபோர்ட் போர்ட்டலுக்குப் போய் வாருங்கள். பைனாகுலர் வேண்டாம். பறவை பார்ப்பது உங்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை, ஓவர்டைம்! கற்றுக்கொள்ள ஏதாவது வேண்டுமென்றால், அந்தப் பக்கத்துக்காரர்களிடம் அவர்கள் மொழியான ருடூரோ பேசப் பழகலாம். மரப்பெயர்களிலிருந்து மட்டும் ஆரம்பிக்க வேண்டாம்.

மேற்பார்வையாளரிடம் ஒன்று கேளுங்கள்: இரண்டு வார ஓய்வைச் சேர்த்து அடுத்தடுத்த இரண்டு நாளாகத் தர முடியுமா? முதல் நாள் தூங்கியும் துணி துவைத்துமே போய்விடும். இரண்டாவது நாள்தான் உங்களுக்கு மிஞ்சும். சாப்பாட்டு மேசையில் ஒரு வேளையாவது சிம்பன்சி பேச்சு வேண்டாம் என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். மற்றவர்களும் அதற்காகவே காத்திருக்கலாம்.

வீட்டாருக்கு அழகான படங்களை மட்டும் அனுப்புகிறீர்களோ என்று எனக்கொரு சந்தேகம். முகக்கவசத்தோடு வியர்த்து நிற்கும் படத்தையும் அனுப்புங்கள்.