பொறுத்துப்போனால் தைரியசாலியா?

கேள்வி: என் மாமியார் கண் ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் மறுபடி புத்தகம் கையில் எடுத்திருக்கிறார். குடும்பக் கதையாக இருக்கவேண்டும், சின்ன ஊர், தைரியமான பெண், படித்து முடித்தால் மனசு நிறையணும், அழுகாச்சி கூடாது என்கிறார். எதை வாங்கிக் கொடுப்பது?
- ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: குடும்ப நாவலுக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. ஆனால் அதில் பலவற்றில் 'தைரியமான பெண்' என்று வருகிறவள், மாமியார் கொடுமை (உங்கள் மாமியார் மன்னிக்கவும்), கணவன் அலட்சியம், நாத்தனார் குத்தல் எல்லாவற்றையும் முந்நூறு பக்கம் வாய் திறக்காமல் தாங்கிவிட்டு, கடைசி அத்தியாயத்தில் எல்லோரும் ஒரே நாளில் திருந்தி மன்னிப்பு கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போடப் போய்விடுகிறாள். எனக்கு அது ஒத்துவராது. நான் பார்ப்பது, அவள் வாயைத் திறந்து ஒன்று சொன்னால் கதை கொஞ்சமாவது திரும்புகிறதா என்பதைத்தான்.

அப்படிப் பார்த்தால் முதலில் கொடுக்கவேண்டியது ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு'. 1964இல் வந்தது, சின்னப் புத்தகம், கண்ணுக்கும் சிரமமில்லை. தெற்கே பனங்காட்டு ஊரில் பழைய பெருமையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரு குடும்பம், அதில் லிஸி என்ற பெண். பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டுக்குள் வைக்கிறார்கள். அவள் மனம் போவதோ பனையேறி வீட்டுப் பையன் தங்கராஜிடம். பெரிய வசனம் எதுவும் பேசமாட்டாள், ஊரைக் கூட்டமாட்டாள், ஆனால் மனசில் நினைத்ததிலிருந்து இம்மியும் நகரமாட்டாள். நடுவில் கஷ்டம் வரத்தான் செய்கிறது, கடைசியில் அவள் நினைத்தபடியே கல்யாணமும் நடக்கிறது. மாமியார் கேட்ட அத்தனையும் இதில் உண்டு. குமரித் தமிழ் முதல் பத்துப் பக்கம் கொஞ்சம் தடுக்கும், அதற்குள் மூடி வைத்துவிடவேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள்.

அப்புறம் ராஜம் கிருஷ்ணன். கதை நடக்கிற இடத்துக்கே போய், அங்கே உள்ளவர்களோடு பேசிப் பழகி எழுதியவர். 'கரிப்பு மணிக'ளில் தூத்துக்குடி உப்பளம்; வெயில், உப்புத் தண்ணீர், பொன்னாச்சி என்ற பெண். இதமான கதை என்று நான் பொய் சொல்லமாட்டேன், ஆனால் உப்பளத்தில் கால் வைக்கிறவள் எப்படி நிமிர்கிறாள் என்று பார்த்தால் வேறு மாதிரி மனசு நிறையும்.

நம் மாவட்டத்து எழுத்து வேண்டும் என்றால் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்', கண்மணி குணசேகரனின் 'அஞ்சலை' இரண்டும் இருக்கின்றன. முன்னதன் நாயகி ஆரோக்கியத்தையும் பின்னதன் நாயகி அஞ்சலையையும் விட உழைத்த பெண்களைத் தமிழ் நாவலில் தேடித்தான் பிடிக்கவேண்டும், வீட்டில் காதில் விழுகிற அதே நடுநாட்டுப் பேச்சு வேறு. ஆனால் இரண்டுமே அழவைக்கும். கண் நன்றாக ஆறட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஜெயகாந்தன் கடலூர்க்காரர்தானே, அவரை ஏன் யாரும் இந்த வரிசையில் சொல்வதில்லை?
- ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: ஆமாம், 1934இல் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். இதமான கதை என்றதும் அவர் நினைவுக்கு வராதது நியாயம்தான். ஆனாலும் 'அக்னிப் பிரவேசம்' சிறுகதையில் வருகிற அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போய் வந்த மகளை முதலில் அடித்தாலும், பிறகு கிணற்றடியில் உட்காரவைத்துக் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாயிட்டே என்கிறாள். விஷயத்தை வெளியே விடவே இல்லை. அந்த நாளில் பெரிய சண்டையைக் கிளப்பிய கதை அது. அந்த அம்மா அப்படிச் செய்யாமல் கத்தி ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரே எழுதிப் பார்த்ததுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள், ஒரு அம்மாவின் ஒரு நிமிட முடிவுக்கு எவ்வளவு கனம் என்று தெரியும்.

கேள்வி: பழைய பெண் எழுத்தாளர்களின் நாவல்கள் கடையில் கிடைப்பதில்லை. எங்கே தேடலாம்?
- ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: முதலில் ரோமன் ரோலண்ட் நூலகம், 1827இல் தொடங்கியது, உங்களுக்குக் கூப்பிடு தூரம். ராஜம் கிருஷ்ணனின் நூல்களை அரசு 2009இல், அவர் இருக்கும்போதே, நாட்டுடைமை ஆக்கிவிட்டதால் யாரும் அச்சிடலாம், இணையத்திலும் சிலவற்றை இலவசமாகவே படிக்கலாம். பழசுதான் வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் நடைபாதையைப் பாருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால், யாரோ ஒரு வீட்டம்மா வார இதழிலிருந்து வாராவாரம் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்தது மாட்டும். படமும் இருக்கும், பக்க ஓரத்தில் பாதி அறுந்த சோப்பு விளம்பரமும் இருக்கும். வாங்குவதற்கு முன் கடைசி அத்தியாயம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிடுங்கள், பெரும்பாலும் அதுதான் காணாமல் போயிருக்கும்.