கிராண்ட் இல்லாத இன்ஜினும் தோட்டத்துச் செம்மண் சாலையும்

கேள்வி: மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். என் 14 வயது மகனுக்கு மண் பாதையில் ஓட்டும் கோ-கார்ட் (சின்ன நான்கு சக்கர வண்டி) ஒன்றைச் சொந்தமாகச் செய்ய ஆசை. இருவருக்கும் முன் அனுபவம் இல்லை. தெரிந்தவர் ஒருவர் பழைய ஹோண்டா இ.எக்ஸ். 5 மோட்டார் சைக்கிளின் இன்ஜின் தருகிறார், கிராண்ட் (வண்டிப் பதிவுப் பத்திரம்) இல்லை. ஃபிரேமையும் அவரே கட்டி, ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதிக் கடிதமும் வாங்கித் தருவாராம். மொத்தம் 3,800 ரிங்கிட். 200 முன்பணம் கொடுத்துவிட்டேன். பையன் தோட்டத்துக்குள் மட்டும்தான் ஓட்டுவான். இறங்கலாமா?

பதில்: இறங்கலாம், அந்த ஆளை விட்டுவிட்டு.

"கோ-கார்ட்டுக்குத்தானே, கிராண்ட் எதற்கு?" என்று கேட்டிருப்பாரே? எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். மோட்டார் சைக்கிள் கிராண்டில் இன்ஜின் எண்ணும் சேஸி எண்ணும் இருக்கும். இன்ஜினைக் கழற்றி வைத்தால் அந்த எண் மறைந்துவிடாது. இ.எக்ஸ். 5 போன்ற கப்சாய், அதாவது சின்ன மோட்டார் சைக்கிள்கள், திருடு போய்த் துண்டு துண்டாக விலை போவது உங்களுக்கும் தெரிந்த கதைதான். திருட்டுச் சரக்கு என்று நினைக்க இடமிருந்தும் வாங்கினால் தண்டனைச் சட்டத்தின் 411-ஆவது பிரிவு வரும். எண்ணை அரம் போட்டுத் தேய்த்த இன்ஜின் என் பட்டறைக்கே வந்திருக்கிறது. கொண்டுவந்தவர் துரு என்றார். துருவுக்கு அவ்வளவு நேராகக் கோடு போடத் தெரியாது.

அடுத்தது அந்தக் கடிதம். பொதுச் சாலையில் வண்டி ஓட பதிவு, சாலை வரி, காப்புறுதி மூன்றும் வேண்டும். வீட்டில் கட்டிய கோ-கார்ட்டுக்கு ஒரு கடிதம் இந்த மூன்றையும் கொண்டுவராது. யாரும் நுழையாத சொந்த நிலத்தில் ஓட்டுவதற்கோ கடிதமே தேவையில்லை. அப்படியிருக்க அவர் விற்பது என்ன? நீங்களே யோசியுங்கள். நேர்வழியில் விசாரிக்கிறவனின் கதி வேறு. வீட்டில் செய்த வண்டிக்கு என்ன விதி என்று கேட்க ஓர் அலுவலகத்துக்குப் போய், மூன்று கவுண்டர் சுற்றி முதல் கவுண்டருக்கே திரும்பி வந்தவன் நான். இப்படி அலையவிடுவதால்தான் இடைத்தரகர்களுக்குப் பிழைப்பு நடக்கிறது.

"தோட்டத்துக்குள் மட்டும்தான்" என்கிறீர்கள். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் சாலை என்று சொல்வது அரசாங்கம் தார் போட்ட சாலையை மட்டும் அல்ல, பொதுமக்கள் போய்வரும் மற்றச் சாலைகளையும்தான். உங்கள் தோட்டத்துச் செம்மண் சாலையில் யார் யார் வருகிறார்கள் என்று ஒரு நாள் வாசலில் உட்கார்ந்து எண்ணுங்கள். தமிழ்ப்பள்ளி வேன், கோயிலுக்கு வெளியூரிலிருந்து வரும் கார், மளிகை லாரி, சாயங்காலம் ஹார்ன் அடித்துக்கொண்டு வரும் ரொட்டி பாய். இவர்கள் தடையில்லாமல் வந்துபோனால், நிலம் கம்பெனியுடையதாக இருந்தாலும் அதைத் தனியார் பாதை என்று வாதாடுவது கடினம். பையனுக்கு 14 வயது. மோட்டார் சைக்கிள் லைசென்சுக்கே 16 ஆக வேண்டும். வாசலில் காவலாளி, தடுப்புக் கட்டை, வெளியார் நுழையத் தடை என்றிருந்தால் கதை வேறு. ஆனால் திருவிழாவுக்கு மூன்று நாள் கட்டையைத் தூக்கி வைத்தால் அந்த மூன்று நாளும் வண்டி வெளியே வரக்கூடாது. ஆகவே தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துச் சாலையை மறந்துவிடுங்கள். மரவரிசைகளுக்கு நடுவே குலை இழுக்கும் பாதைக்கு மேனேஜரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அறுவடை நடக்கும் பக்கம் வேண்டாம். மட்டை அடுக்கிய வரிசையில் முள் டயரைக் கிழிக்கும்.

பிள்ளைகளுக்கு ஒரு திடல் ஒதுக்கினால் இந்தத் தொல்லையே இல்லை. கோலாலம்பூருக்குத் தெற்கே செப்பாங்கில் கார்ட் திடல் இருக்கிறது, சரி. சுங்கை சிப்புட்டிலிருந்து செப்பாங் எத்தனை மைல்?

இனி வண்டி. முதல்முறை என்றால் கப்சாய் இன்ஜின் வேண்டாம். ஹோண்டா ஜிஎக்ஸ் 160 போல, தண்ணீர் பம்புக்குப் போடும் இன்ஜினை ரசீதோடு கடையில் வாங்குங்கள். 163 சிசி, கயிறு இழுத்தால் ஓடும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் உள்ளேயே இருக்கிறது. கவர்னரைக் கழற்றினால் பறக்கும் என்று எவனாவது சொல்வான். பறக்கும், உள்ளே பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடும் உடைந்து சேர்ந்து. கை வைக்காதீர்கள்.

செயின் ஓடும் பல்சக்கரங்களின் பல் கணக்கில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். முன்னே இன்ஜினில் 10 பல், பின்னே சக்கரத் தண்டில் 60 பல், 16 அங்குல டயர் என்றால், இன்ஜின் நிமிடத்துக்கு 3,600 சுற்றில் மணிக்கு 46 கிலோமீட்டர் போகும். பையனுக்கு அது அதிகம். ஆக்சிலேட்டரைக் கட்டிவைத்துக் குறைக்கலாம் என்று தோன்றும், கூடாது. தானியங்கி கிளட்ச் ஏறக்குறைய 2,000 சுற்றில்தான் பிடிக்கத் தொடங்கும். அந்தப் பல்லுக்கு அது 25 கிலோமீட்டர். அதற்குக் கீழே மண்ணிலும் மேட்டிலும் கிளட்ச் வழுக்கி வழுக்கியே கருகும். நடுவில் ஒரு தண்டு வைத்து இரண்டு படியாக, இன்ஜின் பத்துச் சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று, மொத்தம் பத்துக்கு ஒன்று என்று இறக்குங்கள். உச்ச வேகம் 27 அல்லது 28, மேட்டிலும் திணறாது. செயினுக்குக் கவலையில்லை, கப்சாயின் 420 ரகமே போதும்.

ஃபிரேமுக்கு இரும்புக்கடையில் பளபளப்பான ஜி.ஐ. பைப்பைத்தான் முதலில் நீட்டுவார்கள். அதன் மேல் துத்தநாகப் பூச்சு. வெல்டிங் சூட்டில் கிளம்பும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே குளிர் காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பழைய வெல்டர்கள் சொல்வார்கள், ஆகாது. பூச்சில்லாத கருப்புக் குழாயைக் கேட்டு வாங்குங்கள், ஓர் அங்குலம், கனம் 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல். வெல்டிங்கை வெல்டரிடம் விடுங்கள். அளவெடுப்பதும் அறுப்பதும் பையன் வேலை.

பின்தண்டு ஒரே தண்டாக இருந்தால் ஒரு டிஸ்க் பிரேக் இரண்டு சக்கரத்தையும் பிடிக்கும். ஆக்சிலேட்டருக்கு ஒன்றல்ல, இரண்டு ஸ்பிரிங். கைக்கு எட்டும் இடத்தில் இன்ஜினை அணைக்கும் சுவிட்ச். செயினுக்கு மூடி. தலைக்கு மேல் கம்பிக்கூண்டு வைத்தால் இடுப்புப் பட்டையும் கட்டாயம் வேண்டும். பட்டை இல்லாமல் கூண்டு மட்டும் இருந்தால், வண்டி கவிழும்போது அந்தக் கம்பியே மண்டையை உடைக்கும்.

அந்த 200 ரிங்கிட்டை ஒருமுறை திருப்பிக் கேளுங்கள். தரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அதை மீட்கிறேன் பேர்வழி என்று அவரிடமே வேறு பொருள் வாங்கிக் கழித்துக்கொள்ள வேண்டாம்.