“மனசு வந்தா செய்றேன்”: மனச்சோர்வும் சி.பி.டி. சிகிச்சையும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார வாசகர்களின் கேள்விகள். கேட்டவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கியிருக்கிறோம்.

அம்மாவுக்கு 58 வயது. பால்மரத் (ரப்பர்) தோட்டம் செம்பனைக்கு மாறியதும் லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) விட்டுத் தாமான் (வீடமைப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தோம். ஐந்து மாதமாகப் படுத்தே கிடக்கிறார். சமைப்பதில்லை, கோயிலுக்கும் வருவதில்லை. கேட்டால் “மனசு வந்தா செய்றேன்” என்கிறார். டாக்டர் சி.பி.டி. என்றார். அது புத்தி சொல்வதுதானா?

இல்லை. சி.பி.டி. என்பது எண்ணங்களையும் செயல்களையும் படிப்படியாக மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை (Cognitive Behavioural Therapy). புத்தி சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறார்கள், அந்தப் புத்தியால் அவர் எழுந்திருக்கவில்லை. அம்மா சொல்லும் அந்த வார்த்தையில்தான் சிக்கல் இருக்கிறது. படுத்தால் கொஞ்சம் நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே மறுநாளும் படுக்கச் சொல்கிறது. நாள் செல்லச் செல்ல, மனதுக்கு இதம் தரக்கூடிய எதுவும் நாளில் மிஞ்சுவதில்லை. மனசு வந்த பிறகு செய்வது என்ற வரிசையை சி.பி.டி. திருப்பிப் போடுகிறது: முதலில் செய்வது, மனசு பின்னால் வரும்.

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு தாளில் மணிக்கு மணி என்ன செய்தார் என்றும், அப்போது மனநிலை 0 முதல் 10 வரை எவ்வளவு என்றும் குறியுங்கள். நாள் முழுக்க ஒரே இருட்டு என்பார். தாளைப் பார்த்தால் படுக்கையில் 1, பின்பக்கம் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியபோது 3 என்று இருக்கும். அந்த 3-ஐ விடாதீர்கள்.

இரண்டாம் வாரத்தில் இரண்டு மூன்று செயல்களுக்கு மட்டும் நாளும் நேரமும் குறியுங்கள். “சாயங்காலம் நடக்கணும்” என்பது திட்டமாகாது. “செவ்வாயும் வியாழனும் காலை 7:30, பக்கத்து வீட்டு அக்காவோடு கடை வரை, 10 நிமிஷம்” என்பது திட்டம். பிடித்தது ஒன்று, முடித்த திருப்தி தருவது ஒன்று, மனுஷ முகம் பார்ப்பது ஒன்று எனக் கலந்திருக்கட்டும். பெரட்டுக்காக (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது) விடியுமுன் எழுந்து பழகிய உடம்பு அது. தோட்டம் கொடுத்த நேர ஒழுங்கைத் தாமான் கொடுப்பதில்லை. ஆகவே பட்டியலின் முதல் வரி, தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருப்பது.

பெரும்பாலும் கெடுவது மூன்று இடங்களில். முழுச் சமையலையும் முதல் நாளே எதிர்பார்ப்பது ஒன்று. அரிசி கழுவி உலையில் போடுவதோடு நிறுத்துங்கள். அதுவும் முடியாவிட்டால் இன்னும் பாதியாக்குங்கள். அடுத்தது, “நீ இரும்மா, நான் செய்றேன்” என்று பாசத்தில் வேலையைப் பிடுங்கிக்கொள்வது. மூன்றாவது, “நல்லா இருந்துச்சா?” என்று உடனே கேட்பது. முதல் ஓரிரு வாரங்களில் சந்தோஷம் வராமலும் போகலாம், செய்தாரா என்பதை மட்டும் எண்ணுங்கள். ஒரு நாள் தவறினால் குற்றம் சொல்லாமல், குறுக்கே வந்தது மழையா, முட்டிவலியா, தனியாகப் போக பயமா என்று விசாரித்து அதற்கு வழி பாருங்கள்.

எளிதாகத் தெரிவதால் இதைக் குறைத்து மதிக்காதீர்கள். இங்கிலாந்தில் 440 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், நேரம் குறித்துச் செயலில் இறங்கும் இந்தப் பகுதியை மட்டும் இளநிலை மனநல ஊழியர்கள் கொடுத்தார்கள். தேர்ந்த சிகிச்சையாளர்கள் கொடுத்த முழு சி.பி.டி.க்கு அது பின்தங்கவில்லை. நல்ல உளவியலாளர் எளிதில் கிடைக்காத நம் ஊருக்கு இது பெரிய செய்தி.

தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. சூப்பர்வைசர் ஏசினால் “நான் எதுக்கும் லாயக்கில்லை” என்று ராத்திரி முழுக்க ஓடுகிறது. நல்லதையே நினை என்கிறார்கள். முடியவில்லை.

முடியாதுதான் தம்பி. சி.பி.டி. அதைக் கேட்கவும் இல்லை. 1960-களில் பிலடெல்பியாவில் ஏரன் பெக் என்ற மனநல மருத்துவர், மனச்சோர்வு உள்ளவர்களிடம் இப்படிப்பட்ட எண்ணங்கள் கேட்காமலே பாய்ந்து வருவதைக் கவனித்தார். அவை தன்னைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் வருங்காலத்தைப் பற்றியும் தீர்ப்புச் சொல்பவை. அந்தத் தீர்ப்பு சரியா என்று விசாரிப்பதுதான் வேலை. ஒரு நோட்டில் இப்படி எழுதுங்கள்:

நடந்தது: திங்கள் மதியம் 3 மணி, 2 பெட்டியில் லேபல் மாறிவிட்டது, எல்லார் முன்னாலும் ஏச்சு.
உணர்ச்சி: அவமானம் 80, சோகம் 70 (100-க்கு).
எண்ணம்: “நான் எதுக்கும் லாயக்கில்லை.” நம்பிக்கை 90.
ஆதாரம்: 2 பெட்டி தவறு என்பது உண்மை.
எதிர் ஆதாரம்: அன்று மற்ற பெட்டிகள் சரி. மூன்று வருஷமாக அதே லைன். புது ஆள் வந்தால் என்னிடம்தான் பழக விடுகிறார்கள்.
நியாயமான வரி: “இன்று ரெண்டு பெட்டியில் தப்பு செய்தேன், ஏச்சு வலித்தது. வேலை தெரியாதவன் இல்லை.”
இப்போது: அவமானம் 50, சோகம் 40.

80 என்பது 50 ஆனால் வெற்றி. பூஜ்யத்தை எதிர்பார்த்தால் நோட்டை மூடிவிடுவீர்கள். “ஏன் எனக்கு மட்டும் இப்படி?” என்ற கேள்வியை விசாரிக்க முடியாது, அதன் அடியில் இருக்கும் கூற்றை எழுதுங்கள். “சோகமாக இருக்கிறேன்” என்பது உணர்ச்சி, எண்ணக் கட்டத்தில் போடக்கூடாது. நியாயமான வரி உங்கள் வாய்ப்பேச்சில் இருக்கட்டும். நைட் ஷிப்ட் முடிந்து தூங்காமல் எழுத வேண்டாம், அந்த நேரத்தில் எதிர் ஆதாரம் கண்ணில் படாது. எண்ணம் உண்மையாகவே இருந்தால், கடன் தவணை நிஜமாகவே நிற்கிறது என்றால், இந்த நோட்டு உதவாது. அங்கே தேவை கடனை அடைக்கும் வழி.

மாத்திரை நல்லதா, சி.பி.டி. நல்லதா?

409 ஆய்வுகளைச் சேர்த்து 2023-இல் வெளிவந்த தொகுப்பின்படி, சி.பி.டி. பெற்றவர்களில் 42 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் பாதியாவது குறைந்தன, சி.பி.டி. பெறாத ஒப்பீட்டுக் குழுவில் 19 விழுக்காடு. பலருக்குப் பலன் உண்டு, எல்லாருக்கும் இல்லை. குறுகிய காலத்தில் மாத்திரையும் சி.பி.டி.யும் ஏறக்குறைய சமம். வித்தியாசம் பின்னால் தெரிகிறது. அமெரிக்காவில் 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், குணம் கண்டு மாத்திரையை நிறுத்தியவர்களில் 76 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் நோய் திரும்பியது, சி.பி.டி. முடித்து நிறுத்தியவர்களில் 31 விழுக்காடு. கற்றுக்கொண்டது கையில் தங்குகிறது.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டும் சேர்ந்தது, மாத்திரை மட்டும் என்பதைவிட நல்ல பலன் தருகிறது. சி.பி.டி. வாரம் ஒரு முறை, பொதுவாக 12 முதல் 20 அமர்வு. அமர்வுக்குப் போய் வீட்டுப்பாடம் செய்யாதவர்களுக்குப் பலன் குறைவு.

கிளினிக் போனால் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அப்பா பயப்படுகிறார்.

அங்கே 1911 முதல் இருப்பது மனநல மருத்துவமனை என்பதால் ஊர்ப்பேச்சில் அந்தப் பெயரே ஓர் ஏச்சாகிவிட்டது. வருந்தத்தக்க பழக்கம் அது. மனச்சோர்வுள்ள பெரும்பாலோருக்கு வார்டே தேவைப்படாது. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி 9 கேள்வி கேட்பார்கள். மொத்தம் 27-க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டர் விரிவாக விசாரிப்பார். சூராட் ருஜுக்கான் (பரிந்துரைக் கடிதம்) வாங்கி உளவியல் பிரிவுக்குப் போகலாம். தமிழ் பேசும் ஊழியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், அவர்கள் முன்னால் பெரியவர்கள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

தம்பி “நான் இருந்து என்ன பயன்” என்கிறான். கேட்கப் பயமாக இருக்கிறது.

இன்றைக்கே கேளுங்கள், நேராக: “சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?” கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படாது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். வீட்டில் களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ இருந்தால் வெளியேற்றுங்கள், மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். உடனடி ஆபத்து என்றால் 999 அல்லது ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. பேச ஆள் வேண்டுமானால் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, 24 மணி நேரமும். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது, போலீஸுக்குப் பயந்து மறைக்க வேண்டாம். இந்த நிலையில் நோட்டு எழுதும் பயிற்சி போதாது, டாக்டர் வேண்டும்.

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்கு இது ஒத்துவருமா?

ஒத்துவரும். பாகிஸ்தான் கிராமங்களில் எழுத்தறிவு குறைந்த தாய்மாருக்குச் சுகாதார ஊழியப் பெண்கள் படங்களை வைத்தே இந்த முறையைக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் மனச்சோர்வு நீடித்தவர்கள் 23 விழுக்காடு, இந்தச் சிகிச்சை பெறாத பக்கம் 53. வீட்டில் இரண்டு டின் வையுங்கள். திட்டமிட்ட ஒன்றைச் செய்து முடித்ததும் முதல் டின்னில் ஒரு புளியங்கொட்டை. மனம் லேசாக இருந்த நேரத்துக்கு இரண்டாவதில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பாட்டியே எண்ணட்டும். முதல் டின் நிறைந்து இரண்டாவது காலியாக இருந்தால் செயல்களை மாற்றுங்கள், முதல் டின்னே காலி என்றால் செயல்களைச் சிறிதாக்குங்கள்.